ஒன்பது டப்பாவில் எட்டு

அகரத்தில் ஒரு டூரிங் கொட்டகை. தாடிக்கொம்புக்கு இந்தப் பக்கம் இன்னொன்று. திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு சாலையில் பால்கனி வைத்த கட்டடத் தியேட்டர். பழனி போகிற பாதையில் பக்தர்கள் தங்க ஒரு லாட்ஜ். லாட்ஜுக்குப் பின்னால், ஒரே பந்தியில் ஐந்நூறு இலை விழுகிற கல்யாண மண்டபம். இவ்வளவும் நான் உண்டாக்கியவை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை அன்றைக்கு நான் எங்கள் தோட்டத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

தியேட்டருக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஆறடியில் பாறை வந்தது. இன்ஜினியர் வேறு இடம் பார்க்கச் சொன்னார். "ஊர்ப் பேருலயே கல்லு இருக்கு, தோண்டுனா கரும்பா வரும்?" என்று கேட்டுவிட்டு வெடி வைத்தேன். அந்தப் பாறையை உடைத்த கல்தான் இன்றைக்கும் தியேட்டர் படிக்கட்டு.

இதையெல்லாம் முந்தைய வாரங்களில் படித்த வாசகர் ஒருவர், 'ஐயா, இம்புட்டுப் பெருமை ஆகாது' என்று கடிதம் போட்டிருக்கிறார். செய்யாததைச் சொன்னால் பெருமை. செய்ததைச் சொன்னால் சாட்சி. நான் சாட்சி சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்த வாரச் சாட்சி ஒரு துருக்கிப் படத்தைப் பற்றியது.

மழை பெய்யாத படம்

போன மாதம் என் அண்ணன் மகன் செல்வம் ஒரு துண்டுத்தாளோடு வீட்டுக்கு வந்தான். அவனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. திண்டுக்கல்லில் சினிமா ரசிகர்கள் சிலர் ஒரு மன்றம் நடத்துகிறார்கள். வெளிநாட்டுப் படங்களை, கீழே தமிழில் எழுத்து ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். அந்த வாரம் துருக்கி நாட்டுப் படம். கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்திலேயே வெளிநாட்டில் பெரிய பரிசு வாங்கியதாம்.

தாளில் ஒரு போட்டோ. தொப்பி போட்ட விவசாயி ஒருவன் வாய்க்கால் ஓரம் குந்தியிருக்கிறான். தண்ணீர் போகாதபடி ஒரு பலகையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருக்கிறான்.

"இவன எனக்குத் தெரியும்டா" என்றேன்.

"துருக்கிக்காரனையா சித்தப்பா?"

"இவன் அகரத்துக்கு வந்திருக்கான்."

செல்வம் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டிய இடம். அவன் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். குளுகுளு ஹால், மெத்தை வைத்த நாற்காலி. விளக்கை அணைத்தார்கள். படம் துடைத்து வைத்த வெண்கலப் பானை மாதிரி பளிச்சென்று வந்தது. என் கண்ணுக்கு மட்டும் என்னவோ குறைந்தது. செத்த நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. மழையைக் காணோம்.

பழைய பிரிண்ட்டில் கோடு கோடாய்க் கீறல் விழுந்திருக்கும். திரையில் அது மழை கொட்டுவது போலத் தெரியும். 'படத்துல மழை பேயுதுப்பா' என்று கொட்டகையில் கத்துவார்கள். அகரம் கொட்டகையில் நான் ஓட்டியபோது இந்தப் படம் முழுக்க அடைமழை. கதையோ, குடிதண்ணீருக்கும் பயிருக்கும் ஆட்கள் அடித்துக்கொள்ளும் கதை.

பச்சைக் கயிறு

எனக்குக் கல்யாணம் ஆகாத காலம் அது. அகரம் கொட்டகை அப்போது வேறொருவருடையது. பின்னால் நானே அதை வாங்கிப் புதுக் கீற்று வேய்ந்தேன். அன்றைக்கு நான் அங்கே ஆப்பரேட்டர். படம் ஓட்டுகிற மிஷினை எனக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தரவில்லை. முந்தைய ஆப்பரேட்டர் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் நானே தொட்டேன். அதற்கப்புறம் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. பழனிக்கு நடந்து போகிறவர்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு முருகன் படம் போடச் சொல்லிவிட்டு, வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். படப்பெட்டி மதுரையிலிருந்து பஸ்ஸில் திண்டுக்கல் வரும். அதை எடுத்துவருவது என் வேலை.

பெட்டியில் சீட்டு ஒட்டியிருப்பார்கள், இங்கிலீஷில். நான் சீட்டைப் பார்க்கிறவன் இல்லை. எங்கள் விநியோகஸ்தர் எப்போதும் பச்சைக் கயிறு கட்டி அனுப்புவார். பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு இரண்டு பெட்டி இறங்கிக் கிடந்தது. ஒன்றில் பச்சைக் கயிறு. அதைத் தூக்கி அகரம் பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டேன். இன்னொன்றுக்கும் அடிப்பக்கம் பச்சைக் கயிறு இருந்திருக்கிறது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். முருகன் படம் என்றால், டப்பாவுக்கு ஒரு ரீலாகப் பதினாறு பிலிம் டப்பா இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தது. முதல் டப்பாவிலிருந்த ரீலைச் சுற்றுக்கருவியில் மாட்டி, பிலிமைப் பல்புக்கு நேரே பிடித்தேன். மயிலும் இல்லை, வேலும் இல்லை. தொப்பி போட்ட ஆட்கள்.

டிக்கெட் கொடுக்கிறவரிடம் சீட்டைக் காட்டினேன், மறுநாள் காலை பத்து மணிக்குத் திண்டுக்கல் தியேட்டரில் சினிமா சங்கம் ஓட்ட வேண்டிய வெளிநாட்டுப் படம் என்றார். திரும்பத் திண்டுக்கல் போய்வர நேரமில்லை. குழாய் ஸ்பீக்கரில் முருகன் பாட்டு போட்டாயிற்று. தாடிக்கொம்புப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வருகிறது. படம் இல்லை என்றால் கீற்றில் ஒன்று மிஞ்சாது. முதலாளி வந்தால் நானும் மிஞ்சமாட்டேன்.

சரி, இதைத்தான் ஓட்ட வேண்டும், என்ன கதை என்றாவது பார்ப்போம் என்று ஒவ்வொரு ரீலாகச் சுற்றினேன். பாஷை தெரிய வேண்டியிருக்கவில்லை. அண்ணன், தம்பி. அவர்கள் நிலத்தில் ஒரு ஊற்று. கீழே இருக்கிற எல்லார் வயலுக்கும் அதுதான் தண்ணீர். கோடையில் அண்ணன் அதைப் பலகை வைத்து அடைக்கிறான். தம்பி வேண்டாம் என்கிறான்.

பிலிமைப் பிடித்திருந்த என் விரல் நின்றுவிட்டது. இது எங்கள் வீட்டுக் கதை.

நாலாம் நாள் தண்ணீர்

எங்கள் தோட்டத்துக் கிணற்றை வெட்டியது எங்கள் தாத்தாவும் பக்கத்துத் தோட்டத்து சவரிமுத்துவின் தாத்தாவும். எங்கள் ஆள் மூன்று பங்கு வேலை செய்தார், அவர்கள் ஆள் ஒரு பங்கு. அதனால் மூன்று நாள் தண்ணீர் எங்களுக்கு, நாலாம் நாள் அவர்களுக்கு. இதை முறைத் தண்ணீர் என்போம். பத்திரம் எதுவும் கிடையாது. மூன்று தலைமுறையாக நாலாம் நாள் விடிந்ததும் எங்கள் வீட்டு ஆளே போய் வாய்க்கால் மடையை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். அவர்கள் வந்து கேட்கும்படி வைத்துக்கொண்டதில்லை.

அந்தக் கோடையில் கிணறு கீழே போய்விட்டது. என் அண்ணன் வேலுச்சாமி, செல்வத்தின் அப்பா, நாலாம் நாளும் மடையைத் திருப்பவில்லை. கல்லை வைத்து, சந்தில் களிமண்ணை அப்பிவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கேட்டதற்கு, "எம் பூமியில ஊறுற தண்ணி எம் பயிருக்குப் போக மிச்சந்தான் ஊருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவரிடம் யாராலும் பேச்சு வாங்க முடியவில்லை.

சவரிமுத்துவுக்கு இருந்தது அரை ஏக்கர், அதில் சின்ன வெங்காயம். அவன் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அவனும் அவன் மனைவியும் குடகனாற்றில் ஊற்றுத் தோண்டி, குடத்தில் கொண்டுவந்து பாத்தி பாத்தியாக ஊற்றினார்கள். இன்னும் பத்து நாள் போனால் வெங்காயத்தாள் சுருண்டுவிடும். போட்ட விதையும் மிஞ்சாது.

ஒரு காலையில் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைப் பிரிக்கப் போனேன். அண்ணன் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்திருங்கள் என்றேன். அவர் எழவில்லை. என் கையிலிருந்த மண்வெட்டி தலைக்கு மேலே போய்விட்டது. எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணன் அசையவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "போடுடா" என்றார்.

மண்வெட்டியைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து படுக்கை, சாப்பாடு எல்லாம் கொட்டகையில்தான். இந்தத் தொடரில் இதை நான் எழுதியதில்லை. என் மனைவிக்கே தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

இப்போது சுற்றுக்கருவிக்கு வருகிறேன். எட்டு டப்பா பார்த்து முடித்து ஒன்பதாவதை மாட்டினேன். கொஞ்ச தூரம் சுற்றியதும் ஒரு கட்டம் பல்புக்கு நேரே வந்தது. தம்பி நிற்கிறான். கையில் மண்வெட்டி, தலைக்கு மேலே. கீழே அண்ணன். அடுத்த முழம் பிலிமில் மண்வெட்டி தலைக்கு மேலே இல்லை.

நான் அந்த ரீலைத் திருப்பிச் சுற்றி, டப்பாவில் போட்டு மூடினேன்.

மைக்கில் நான்

ஆறரைக்குக் கொட்டகை நிரம்பிவிட்டது. பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி வரிசையில் என் அண்ணன், அண்ணி, மடியில் செல்வம். முருகன் படம் என்றால் அண்ணன் தவறவிடமாட்டார். சவரிமுத்து தரையில், வாசல் ஓரமாக.

மைக்கைப் பிடித்தேன். நாளை முதல் இன்ன படம் என்று சொல்வதற்கு வைத்திருந்த மைக் அது. பக்தகோடிகளே, முருகப் பெருமான் வருவதற்கு முன்னால், கடல் தாண்டிய தேசத்து விவசாயிகளின் கதை ஒன்று என்று சொன்னேன். மிஷினை ஓட்டவிட்டு, அந்தப் பாஷைச் சத்தத்தைக் குறைத்தேன். ஒரு கையால் மிஷினுக்குள் வெளிச்சத்துக்கு எரிகிற கார்பன் குச்சியைச் சரிசெய்தபடி, இன்னொரு கையில் மைக்கோடு, அத்தனை பேருக்கும் நானே பேசினேன். ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல், கிழவன் குரல். அண்ணனுக்குப் பெரியசாமி, தம்பிக்குச் சின்னச்சாமி என்று பெயர் வைத்தேன். பாட்டே இல்லாத படம். கதாநாயகி குடத்தோடு நடக்கும் இடத்தில் நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டேன்.

முதல் ரீல் தீர்ந்ததும் திரை வெள்ளையானது. எங்களிடம் ஒரே மிஷின், ரீல் மாற்ற நேரமாகும். மணல் மேட்டிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏப்பா மிஷினு, முருகன் எப்ப வருவாரு?"

"வந்துக்கிட்டே இருக்காரு ஆத்தா. மலை எறங்க வேணாமா?"

சிரித்தார்கள். இரண்டாவது ரீலுக்கும் அதே கேள்வி. மூன்றாவது ரீலில் பெரியசாமி பலகையை இறக்கித் தண்ணீரை அடைத்தான். அதற்கப்புறம் முருகனை யாரும் கேட்கவில்லை. காய்ந்த வயலைக் காட்டியபோது தரையில் ஒருவர், "சோளமா அது? போச்சு, பால் பிடிக்கிற நேரம்" என்று முனகினார். படம் எடுத்தவர்கள் எந்தத் தேசமோ, பயிர் தெரிந்தவர்கள்.

நாலாவது ரீல். ஊர்க்காரர்கள் வந்து பெரியசாமியிடம் கெஞ்சுகிறார்கள். அவன் வாயைத் திறக்கிறான். இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"எம் பூமியில ஊறுற தண்ணி எம் பயிருக்குப் போக மிச்சந்தான் ஊருக்கு."

தலைகள் ஒவ்வொன்றாக நாற்காலி வரிசைப் பக்கம் திரும்பின. மிஷின் ரூம் ஓட்டை வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அண்ணி எழுந்தே விட்டார். அண்ணன் அவரைக் கைபிடித்து உட்காரவைத்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எட்டாவது ரீல் தீர்ந்தது. திரை வெள்ளையானது. நான் மைக்கில், பெரியசாமி மனம் திருந்திப் பலகையை எடுத்துவிட்டான், அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்ந்தார்கள், ஊர் செழித்தது, சுபம் என்றேன். வணக்கம் சிலைடைப் போட்டேன். ஜனம் கை தட்டியது. அந்த அம்மா மட்டும் போகிறபோது, முருகன் கடைசிவரை வரவில்லையே என்று சொல்லிக்கொண்டே போனாள்.

கொட்டகை காலியான பிறகு அண்ணன் மிஷின் ரூமுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தார்.

"ஒம்பது இருக்கு. எட்டுத்தான ஓட்டுன?"

"கடைசியில பேரு மட்டுந்தாண்ணே ஓடும்."

"ம்." டப்பா மூடியில் விரலை வைத்தார். "இந்தப் பெட்டி எங்க போகும்?"

"காலையில திண்டுக்கல்லு. பத்து மணிக்கு அங்க ஓட்டுறாகளாம்."

அண்ணன் போய்விட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் காலத்துச் சினிமா சங்கத்தை நடத்திய கல்லூரி வாத்தியார் ஒருவர், தியேட்டர் வாசலில் இன்னொரு பெட்டியோடு தவித்து நின்றார். "தம்பி, உங்க முருகன் ராத்திரி பூரா எங்க வீட்டுலதான் தங்குனாரு" என்றார். நல்ல மனிதர், திட்டவில்லை. பெட்டியை மாற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் முருகன் படத்துக்குப் பாட்டு போட்டுக்கொண்டிருக்கும்போது சவரிமுத்து வந்தான். முழங்கால் வரை சேறு.

"உங்க முருகன் வந்துட்டாரு, ராசு."

"இனிமேத்தானப்பா படம் போடணும்."

"படத்துல இல்லப்பா. மடை தெறந்திருக்கு. உங்க அண்ணனே கல்லை எடுத்துட்டு, எங்க பக்கம் திருப்பிவிட்டுட்டுப் போறாரு."

செல்வம் சொன்னது

இந்தக் கதையை ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். மண்வெட்டியை விட்டுவிட்டுச் சொல்வேன். கல்யாண வீட்டில், லாட்ஜ் வாசலில், நாலு பேர் சேர்ந்த இடத்தில் எல்லாம். என் குரல்தான் அந்த மடையைத் திறந்தது என்பேன். அண்ணன் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததும் இல்லை, ஆமோதித்ததும் இல்லை. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

போன மாதம் அந்த ஹாலில், தமிழில் எழுத்து ஓட ஓட, அந்தத் துருக்கிக்காரர்கள் உண்மையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று முதல்முறையாகப் படித்தேன். பரவாயில்லை, பெரும்பாலும் நான் பேசியதையே பேசுகிறார்கள். நாலைந்து இடத்தில் என்னுடையது இன்னும் நன்றாக இருந்தது.

கடைசிக் கட்டம் வந்தது. தம்பி மண்வெட்டியை ஓங்கினான். பல்புக்கு நேரே ஒரு முழம் பார்த்தது, இப்போது சுவர் அளவுக்கு அசைந்து வந்தது. நான் கீழே குனிந்து செருப்பைத் தேடினேன். செருப்பு காலில்தான் இருந்தது.

விளக்குப் போட்டதும் செல்வம் எழவில்லை.

"சித்தப்பா, இந்த முடிவ அப்பா பாத்திருக்காரு."

"எங்க பாத்தாரு? நாந்தான் ஓட்டவே இல்லையே."

"நீங்க பெட்டிய எடுத்துட்டுப் போன அன்னைக்கி, உங்க பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸுல அவரும் திண்டுக்கல் போயிருக்காரு. உறுப்பினருக்கு மட்டுந்தான்னு வாசல்ல ஒரு வாத்தியார் நிப்பாட்டுனாராம். நேத்து எட்டு டப்பா பாத்துட்டேன், ஒண்ணுதான் பாக்கி, அத மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன்னாராம். வாத்தியார் சிரிச்சுக்கிட்டு உள்ள விட்டாராம்."

ஹாலில் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா ஆசுபத்திரியில கெடந்தப்பதான் எங்கிட்டச் சொன்னாரு. மண்வெட்டி சமாச்சாரத்தையும் சொன்னாரு. ஊரே என்னைத் திரும்பிப் பாக்க வச்சான் உங்க சித்தப்பன். ஆனா அம்புட்டுப் பேரு முன்னால அந்தக் கடைசிய மட்டும் ஓட்டாம மூடி வச்சான் பாருன்னாரு. வேற எதும் சொல்லல. உங்ககிட்டச் சொல்ல வேணாம், அவன் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டுத் திரியட்டும்னாரு."

மன்றத்தாருக்கு

அன்று வெளியே வரும்போது அந்தத் துண்டுத்தாளின் பின்பக்கத்தைப் படித்தேன். 'இப்படம் திண்டுக்கல் வட்டாரத்தில் முதன்முதலாக நகரத் திரையரங்கு ஒன்றில், ஞாயிறு காலைக் காட்சியாக அந்நாளைய சினிமா சங்கத்தாரால் திரையிடப்பட்டது' என்று அச்சடித்திருக்கிறார்கள். தவறு. அதற்கு முந்தின நாள், அகரம் கொட்டகையில், ஆறரை மணிக் காட்சியில் திரையிட்டவன் நான். கொட்டகை கொள்ளாத ஜனம் பார்த்தது. நகரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு ஆள் அகரத்துக்காரர்.

மன்றத்தார் அடுத்த மாதம் மலர் போடப்போவதாகக் கேள்வி. அதில் திருத்திப் போட வேண்டும். பெயர் ராசு, ஆப்பரேட்டர், தமிழ்க் குரலும் அவரே என்று போட வேண்டும். எதற்கும் பெயர் கேட்காமல் விட்டால் நான் கட்டிய எதிலும் இன்றைக்கு என் பெயர் இருந்திருக்காது. அதனால் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

முழுப் படத்தையும் நான் காட்டியதாகப் போட வேண்டாம். ஒன்பது டப்பாவில் எட்டு என்று போடுங்கள். ஒன்பதாவதை, பஸ் பிடித்து வந்து தானே பார்த்துவிட்டுப் போய் மடையைத் திறந்த அகரம் வேலுச்சாமி பெயரில் போடுங்கள். என் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்து அளவில்.